பத்தடி மண் காப்பாற்றுமா?

ஜொகூர் தோட்டங்களில் நஞ்சு நடந்த வழி

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் குளுவாங் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். 1970களில் எங்கள் லயத்துக்குப் பின்னால், மேட்டின் அடிவாரத்தில் ஒரு கிணறு இருந்தது. மேட்டில் பால்மரம். குடிக்க, குளிக்க, துவைக்க எல்லாவற்றுக்கும் அந்தக் கிணறுதான். என் தாயார் புல்லுக்கு மருந்து அடிக்கும் கும்பலில் வேலை பார்த்தார். அந்தக் கும்பலில் பெரும்பாலும் பெண்கள்தான். வேலை முடிந்து வரும்போது முதுகில் சுமந்த பம்பைக் கிணற்றடிச் சிமெண்டுத் தரையில் வைத்துக் கழுவுவார்கள்.

ஒருநாள் அம்மா மண்டோரிடம் கேட்டார்: "அண்ணே, இந்த மருந்து கிணத்துல இறங்கிடாதா?" அவர் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது. "மேல பத்தடி மண்ணு இருக்கு தங்கச்சி. அது எல்லாத்தையும் வடிகட்டிடும்."

அந்த மண்டோர் பொய் சொல்லவில்லை. தமக்குச் சொல்லப்பட்டதைத் திருப்பிச் சொன்னார். இதில் வியப்பு என்னவென்றால், அந்தக் காலத்தில் உலகின் பெரிய பெரிய நிபுணர்களில் பலரும் ஏறக்குறைய அதையேதான் நம்பினார்கள். அந்த நம்பிக்கை எப்படி உடைந்தது, அதற்குள் நம் ஜொகூர் மண்ணில் என்னென்ன இறங்கியது என்பதே இன்று என் பேச்சு.

காம்பியரில் தொடங்கிய கதை

ஜொகூரில் பெரிய அளவில் பணப்பயிர் வந்தது ரப்பரோடு அல்ல. அதற்கு அரை நூற்றாண்டு முன்பே காம்பியரும் மிளகும் வந்துவிட்டன. சிங்கப்பூரில் மண் சத்திழந்து போனதால் சீன விவசாயிகள் நீரிணையைத் தாண்டி வந்தார்கள். 1840களில் தெமெங்கோங் இப்ராகிம் ஆற்றுக்கு ஒருவராகக் குத்தகைச் சீட்டு கொடுத்தார். அந்தச் சீட்டு பெற்றவர் காங்சூ. அவருடைய குடியிருப்பு காங்கார். காங்கார் பூலாய், காங்கார் தெப்ராவ் என்ற ஊர்ப் பெயர்களில் அந்தக் காலம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

காம்பியர் இலையைக் கொதிக்க வைக்க விறகு வேண்டும். விறகுக்குக் காடு வேண்டும். காடும் தீர்ந்து, மண்ணும் களைத்தவுடன் அடுத்த ஆற்றுக்குப் போவார்கள். 1917இல் காங்சூ முறை ஒழிக்கப்பட்டபோது, ஆற்றோரங்களில் பல இடங்களில் மேல்மண் போன நிலமும் லாலாங் புல்லும் மிஞ்சியிருந்தன.

அந்த லாலாங்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதையில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

1909இல் கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாருவுக்கு ரயில் பாதை முடிந்தது. பாதையோரம் ரப்பர் தோட்டங்கள் பெருகின. நம் முன்னோர் அந்த ரயிலில் வந்து சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், கூலாய் என்று இறங்கினார்கள். அன்றைய துரைமார்களுக்குப் பால்மரத்தின் அடியில் ஒரு புல்கூட இருக்கக் கூடாது. தரையைத் துடைத்தது போல் வைத்திருப்பதுதான் நல்ல தோட்டம் என்று பெயர். அப்படித் துடைத்த சரிவில் மழை விழுந்தால் மேல்மண் ஓடிவிடும் என்பதைப் பின்னர்தான் உணர்ந்தார்கள். அதன்பின் பந்தல் போல் படரும் அவரைக் குடும்பத்துக் கொடிகளை மரங்களுக்கு இடையில் வளர்க்கத் தொடங்கினார்கள். மேல்மண் என்பது வெறும் உரமல்ல, அதுதான் நஞ்சைப் பிடித்து வைக்கும் கை. அந்தக் கையை முதலில் வெட்டிவிட்டு, பிறகு நஞ்சைக் கொண்டுவந்தோம்.

லாலாங்குக்குப் பாஷாணம்

லாலாங் வெட்டினால் மறுபடி முளைக்கும். எரித்தால் இன்னும் வேகமாக முளைக்கும். வேர்த்தண்டு மண்ணுக்குள் இருக்கிறது. அதைக் கொல்லத் தோட்டங்கள் தேர்ந்தெடுத்த பொருள் சோடியம் ஆர்சனைட். நம் சித்த மருத்துவர்கள் வெள்ளைப் பாஷாணம் என்று அறிந்திருந்தார்களே, அதைக் காரத்தில் கரைத்தால் கிடைப்பது இதுதான். மலாயா ரப்பர் தோட்டங்களில் 1960களின் தொடக்கம் வரை முக்கியமான புல்கொல்லி இதுவாக இருந்தது. அடித்த புல்லை மேய்ந்த மாடு செத்துவிடும். அடிக்கும் ஆளுக்கும் ஆபத்து.

இங்கே ஒரு சின்ன விளக்கம் தேவைப்படுகிறது. பெரும்பாலான பூச்சிமருந்துகள் கரிமச் சேர்மங்கள். மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அவற்றைச் சிறிது சிறிதாக உடைத்துவிடும். பாதி அளவு மறைய எத்தனை நாள் ஆகிறதோ அதை அரை ஆயுள் என்பார்கள். 2,4-டி என்ற களைக்கொல்லிக்கு அது சில வாரங்களுக்குள் முடிந்துவிடும். டிடிடிக்கு ஆண்டுக்கணக்கில் ஆகும். ஆர்சனிக்குக்கு அரை ஆயுளே கிடையாது. அது ஒரு தனிமம். இரும்பு எப்படி இரும்பாகவே இருக்கிறதோ, அப்படி ஆர்சனிக் ஆர்சனிக்காகவே இருக்கும். 1930இல் ஒரு சரிவில் ஊற்றியது மழையோடு ஆற்றுக்குப் போயிருக்கும், அல்லது இன்னும் அங்கேயே இருக்கும். மறைந்திருக்காது.

நம் செம்மண்ணில் உள்ள இரும்புத் துரு ஆர்சனிக்கை இறுகப் பிடித்துக்கொள்ளும். அது நல்ல செய்தி. ஆனால் மண்ணில் நீர் தேங்கிக் காற்று போய்விட்டால் அந்த இரும்பு கரைகிறது. பிடித்து வைத்திருந்த ஆர்சனிக்கும் நீரில் விடுபடுகிறது. மேற்கு வங்காளத்திலும் வங்காளதேசத்திலும் குழாய்க் கிணறுகள் ஆர்சனிக்கைக் கக்கியதற்கு இதுவே காரணம். அங்கே இயற்கையாகவே படிவுகளில் இருந்தது. இங்கே பல இடங்களில் நாமே ஊற்றியிருக்கிறோம்.

இதே காலத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1927இல் சுல்தான் இப்ராகிமும் சிங்கப்பூர் நகராட்சியும் செய்த ஒப்பந்தப்படி குனோங் பூலாய் மலையிலிருந்து குழாய் வழியாகச் சிங்கப்பூருக்குத் தண்ணீர் போனது. அந்த நீர்ப்பிடிப்பு நிலம் தோட்டமாக்கப்படாமல் காடாகக் காக்கப்பட்டது. நிலம் எப்படியோ நீர் அப்படி என்பது அன்றைய பொறியாளர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. நகரத்துக்குப் போகும் தண்ணீருக்குக் காடு. தோட்டத்து லயத்துக்கோ, மருந்தடித்த சரிவின் அடியில் ஒரு கிணறு.

போரும் பூச்சியும்

இரண்டாம் உலகப் போர் புதிய இரசாயனங்களைக் கொண்டுவந்தது. டிடிடியின் பூச்சிக்கொல்லித் தன்மையை 1939இல் கண்டறிந்த பால் முல்லர் 1948இல் நோபல் பரிசு பெற்றார். அதே 1948இல் இங்கே அவசரகாலம் பிறந்தது. 1950இல் பிரிக்ஸ் திட்டம் ஜொகூரில்தான் முதலில் தொடங்கியது. மக்களை வேலிக்குள் குடியமர்த்தினார்கள். 1952, 1953ஆம் ஆண்டுகளில் பதுங்கித் தாக்க வசதியான சாலையோரப் புதர்கள்மீது களைக்கொல்லிகளைத் தெளித்தார்கள். காட்டுக்குள் கொரில்லாக்கள் போட்டிருந்த பயிர்த் தோட்டங்கள்மீதும் விமானத்திலிருந்து தெளித்தார்கள். பின்னாளில் வியட்நாமில் பெருமளவில் நடந்ததற்கு மலாயாவே முன்னோடி.

அடுத்து வந்தது செம்பனை. 1950களின் இறுதியில் செம்பனையில் டிடிடி, டையெல்ட்ரின், எண்ட்ரின் போன்ற கடுமையான பூச்சிக்கொல்லிகளை அடிக்கத் தொடங்கினார்கள். விளைவு தலைகீழாக இருந்தது. ஓலையைத் தின்னும் கூட்டுப்புழுக்கள் முன்பைவிடப் பெருகின. பிரையன் வூட் என்ற பூச்சியியலாளர் காரணத்தை விளக்கினார். மருந்து புழுவைவிடப் புழுவைத் தின்னும் குளவிகளையே அதிகம் கொன்றுவிட்டது. கூடு புழுவுக்குக் கவசம். குளவிக்குக் கவசமில்லை. கண்டபடி தெளிப்பதை நிறுத்தியதும் நிலைமை சீரடைந்தது. 1968இல் அவர் எழுதிய நூல் உலக அளவில் பூச்சி மேலாண்மைக்கு ஒரு பாடமானது.

இதை ஏன் சொல்கிறேன்? மருந்து குறைந்தால் விளைச்சல் விழுந்துவிடும் என்று பயமுறுத்துவோர் எக்காலத்திலும் உண்டு. நம் நாட்டுச் செம்பனையே அதற்கு எதிர்ச்சாட்சி. 1981இல் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த மகரந்த வண்டை முதலில் விட்டது எங்கள் குளுவாங் வட்டாரத்துத் தோட்டங்களில்தான். அதுவரை ஆட்கள் கையால் செய்த மகரந்தச் சேர்க்கையை அந்த வண்டு ஏற்றுக்கொண்டது. அதன்பிறகு கண்மூடித்தனமாகப் பூச்சிமருந்து அடித்தால் இழப்பு தோட்டத்துக்கே.

நீருக்குப் போகாத நஞ்சு

இனி நம் தாய்மார்களின் வாழ்க்கையோடு நேரடியாகப் பின்னிய மருந்துக்கு வருகிறேன். பாராகுவாட். இங்கிலாந்தில் உருவாகி 1962இல் சந்தைக்கு வந்தது. மலாயா ரப்பர் தோட்டங்கள் அதன் முதல் வாடிக்கையாளர்களில் சேர்ந்தவை. ஆர்சனிக்குக்கு மாற்று, அதைவிடப் பாதுகாப்பானது என்று வரவேற்றார்கள்.

நிலத்தடி நீரை மட்டும் வைத்துப் பார்த்தால் அது உண்மைதான். பாராகுவாட்டுக்கு நேர்மின்னூட்டம் உண்டு. களிமண்ணின் பரப்பு எதிர்மின்னூட்டம் கொண்டது. இரண்டும் காந்தம் போல் ஒட்டிக்கொள்ளும். மண்ணில் பட்ட மறுகணமே செயலிழந்துவிடும் என்று விளம்பரம் செய்தார்கள். பத்தடி மண் வடிகட்டும் என்ற எங்கள் மண்டோரின் வாக்கு இந்த ஒரு மருந்துக்குப் பொருந்தியது.

ஆனால் அது மனிதருக்குள் போனது. ஒரு மடக்கு விழுங்கினால் போதும், நுரையீரல் இறுகி மரணம். மாற்று மருந்து கிடையாது. நாள்தோறும் அடித்தவர்களுக்கு மூக்கில் இரத்தம், நகம் கழன்று விழுதல், தோல் வெந்துபோதல், கண் எரிச்சல். வெயிலில் ரப்பர் கையுறையும் முகமூடியும் போட்டு வேலை செய்ய முடியாது. பல இடங்களில் கொடுக்கவும் இல்லை. 2002இல் ஐரின் பெர்னாண்டஸ் தலைமையிலான தெனாகனித்தா அமைப்பு, பூச்சிமருந்து எதிர்ப்பு ஆசிய வலையமைப்போடு சேர்ந்து, தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களின் நிலையை ஆய்வறிக்கையாக வெளியிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்துவதாக அரசு அறிவித்தது. 2006இல் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. முழுத் தடை 2020 ஜனவரி 1ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. முதல் அறிவிப்புக்கும் முழுத் தடைக்கும் இடையில் 17 ஆண்டுகள்.

நேயர்களே, இந்த வரலாற்றில் ஒரு கசப்பான பாடம் இருக்கிறது. மண்ணில் ஒட்டும் மருந்து கிணற்றுக்குப் போகாது, அதற்காக ஆளைக் காப்பாற்றும் என்று பொருளல்ல. ஆளுக்குத் தீங்கு குறைந்த மாற்று மருந்து வரும்போது, அது மண்ணில் அவ்வளவு இறுக ஒட்டுவதில்லை, நீரோடு எளிதாகப் போகும் என்ற நிலையும் உண்டு. ஆகவே ஒவ்வொரு மருந்தையும் பார்த்து இரண்டு கேள்வி கேட்க வேண்டும். முதலில் இது யார்மேல் படுகிறது? கடைசியில் இது எங்கே போய்ச் சேருகிறது? நாம் ஒரு கேள்வியைக் கேட்டபோது இன்னொன்றை மறந்துவிட்டோம்.

நம்பிக்கை உடைந்த ஆண்டு

பத்தடி மண் காப்பாற்றும் என்ற நம்பிக்கைக்கு எதிரான சான்று புதிதல்ல. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில் லாவ்ஸ், கில்பர்ட், வாரிங்டன் மூவரும் வயலுக்கடியில் வடியும் நீரைப் பிடித்து ஆராய்ந்து 1882இல் எழுதினார்கள். மழைநீரில் ஒரு பகுதி மண்ணை ஊறவைத்துக்கொண்டு மெதுவாக இறங்குகிறது. இன்னொரு பகுதி மண்ணைத் தொடாமலே வெடிப்பு, புழுத்துளை, வேர்த்துளை வழியாக நேரே கீழே ஓடிவிடுகிறது என்று கண்டார்கள். காப்பித் தூளில் வெந்நீர் ஊற்றும்போது ஓரத்தில் இடைவெளி இருந்தால் தண்ணீர் வெளுப்பாகவே வடிந்துவிடுமே, அது போலத்தான். ஆனால் நூறு ஆண்டுகளுக்கு அந்தக் கருத்தை யாரும் பூச்சிமருந்தோடு பொருத்திப் பார்க்கவில்லை.

1962இல் ராச்சல் கார்சன் எழுதிய நூல், நிலத்தடி நீர் கெட்டால் எங்கோ ஓரிடத்தில் மட்டும் கெடுவதில்லை என்று எச்சரித்தது. மெய்யான அதிர்ச்சி 1979இல் வந்தது. நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் உருளைக்கிழங்கு வயல்களுக்கு இட்ட ஆல்டிகார்ப் என்ற மருந்து குடிநீர்க் கிணறுகளில் இருப்பது தெரிந்தது. சோதிக்கச் சோதிக்க, வரம்பை மீறிய கிணறுகள் ஆயிரத்தைத் தாண்டின. அதே ஆண்டு கலிபோர்னியாவில் டிபிசிபி என்ற நூற்புழுக்கொல்லி கிணறுகளில் கண்டுபிடிக்கப்பட்டது. சட்டப்படி, சொன்ன அளவில், சொன்ன முறையில் பயன்படுத்திய விவசாயிகளின் கிணறுகள் அவை.

நமக்கு இன்னும் நெருக்கமானது ஹவாய்த் தீவின் கதை. அங்கே அன்னாசித் தோட்டம், செம்மண், வெப்பமண்டல மழை. அப்படியே நம் ஜொகூர் போல. ஓஹூ தீவில் நிலத்தடி நீர் நூற்றுக்கணக்கான அடி ஆழத்தில் இருக்கிறது. அவ்வளவு தடிமனான செம்மண்ணையும் பாறையையும் தாண்டி எதுவும் போகாது என்று இருந்தார்கள். 1977இல் குனியா என்ற ஊரில் ஒரு கிணற்றருகே மண் மருந்து கொட்டிப் போனது. 1980இல் அந்த ஆழ்கிணற்றின் தண்ணீரிலேயே மருந்து இருந்தது. செம்மண் பார்ப்பதற்குக் களி. ஆனால் அதன் துகள்கள் இரும்புத் துருவால் ஒட்டிக் கட்டி கட்டியாக நிற்பதால் தண்ணீர் மணலில் போவது போல் இறங்கும்.

ஜொகூரின் மூன்று மண்

இப்போது நம் மாநிலத்தின் வரைபடத்தை மனதில் விரித்துப் பாருங்கள்.

நடுவில் கருங்கல்லிலிருந்து உருவான மேட்டு மண். தீபகற்பம் முழுவதும் இவ்வகைக்கு ரெங்கம் மண் என்றே பெயர். நம் ரெங்கம் பட்டணத்தின் பெயர்தான் அது. சிகாமட்டின் பெயரில் எரிமலைப் பாறைச் செம்மண் ஒன்றும் உண்டு. இவை ஆழமானவை, நீரை நன்கு வடியவிடுபவை. மருந்து அடித்த மாலையே கனமழை பெய்தால் ஒரு பகுதி சரிவில் ஓடி ஓடைக்குப் போகும், ஒரு பகுதி துளைகள் வழியாக இறங்கும்.

மேற்கே பொந்தியான், பத்து பகாட் பக்கம் கரிச் சேற்று நிலம். அங்கே நிலத்தடி நீர் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆனால் மக்கிய கரிமப் பொருள் நிறைய இருப்பதால் பல மருந்துகளை அது பிடித்து வைத்துக்கொள்ளும். சிக்கல் என்னவென்றால், 1970களில் தொடங்கிய மேற்கு ஜொகூர் வேளாண் திட்டத்தில் வாய்க்கால் வெட்டி வடித்த பிறகு, காற்று பட்டு அந்தக் கரிமண்ணே கரைந்துகொண்டிருக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் என்ற அளவில் நிலம் தாழ்ந்ததை ஆய்வாளர்கள் அளந்து பதிவு செய்திருக்கிறார்கள். நஞ்சைப் பிடித்து வைத்திருந்த கையே தேய்கிறது. அடியில் இருக்கும் கந்தகக் களிமண் வெளிப்பட்டால் நீர் புளித்து அமிலமாகிவிடும்.

கிழக்கே மெர்சிங் கரையோரம் மணல். மணலில் பிடித்து வைக்கக் களியும் இல்லை, மக்கும் இல்லை. லாங் ஐலண்டின் மண் இந்த வகைதான். அங்கே கிணற்றுக்கும் மருந்துக்கும் நடுவில் நிற்பது அதிர்ஷ்டம் மட்டுமே.

ஜொகூரின் குழாய் நீரில் பெரும்பகுதி ஆற்று நீர். ஆகவே நிலத்தடி நீர் கெட்டால் நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். மழையில்லாத நாட்களில் ஆற்றில் ஓடுவது எங்கிருந்து வருகிறது? நிலத்தடி நீர்தான் கசிந்து ஆறாக ஓடுகிறது. கிணறும் ஆறும் ஒரே குடும்பம். 1962 ஒப்பந்தப்படி சிங்கப்பூர் நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை எடுத்துக்கொள்வதும் இந்த ஜொகூர் ஆற்றிலிருந்துதான். அவ்வளவு பேரின் தொண்டை இந்த மண்ணோடு பிணைந்திருக்கிறது.

அளவும் சோதனையும்

எவ்வளவு இருந்தால் ஆபத்து? ஐரோப்பிய ஒன்றியம் குடிநீரில் பெரும்பாலான பூச்சிமருந்துகளில் ஒவ்வொன்றுக்கும் விதித்த வரம்பு லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம். ஒரு கிராம் மருந்து ஒரு கோடி லிட்டர் தண்ணீரை அந்த வரம்புக்குக் கொண்டுவந்துவிடும். நான்கு ஒலிம்பிக் நீச்சல் குளங்கள். பம்பின் அடியில் மிஞ்சிய கடைசிச் சொட்டுகள் எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. சோதனைக் கூடம் இல்லாமல் கண்டுபிடிக்க முடியாது.

சட்டங்கள் நம்மிடம் உண்டு. 1974இல் பூச்சிமருந்துச் சட்டம் வந்தது. 1983இல் தேசியக் குடிநீர்த் தரக் கண்காணிப்புத் திட்டம் வந்தது. தோட்ட லயங்களுக்குக் குழாய் நீர் தர வேண்டும் என்ற 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீடமைப்புச் சட்டமும் உண்டு. சுற்றுச்சூழல் துறை 1997 முதல் நிலத்தடி நீரைக் கண்காணித்து வருகிறது. வரம்பை மீறும் பொருள்களில் ஆர்சனிக், இரும்பு, மாங்கனீசு ஆகியவற்றின் பெயர்கள் அதன் அறிக்கைகளில் அடிக்கடி வரும். ஆர்சனிக் பாறையிலிருந்து இயற்கையாகவும் வரும் என்பதால், ஓர் எண்ணைப் பார்த்தவுடன் பழியைத் தோட்டத்தின் தலையில் போட்டுவிடக் கூடாது. அந்த நிலத்தில் முன்பு என்ன இருந்தது, என்ன ஊற்றினார்கள் என்ற வரலாறும் சேர்ந்தால்தான் அந்த எண் பேசும்.

இங்கேதான் நம் பங்கு வருகிறது. ஜொகூரின் பழைய தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகள், காய்கறித் தோட்டங்கள், தொழிற்பேட்டைகள். லயம் இடிந்தது, கிணறு மூடப்பட்டது, கிராணியின் கணக்குப் புத்தகம் எங்கோ போனது. எந்தச் சரிவில் எந்த மருந்து அடித்தார்கள், பம்பை எங்கே கழுவினார்கள், மிஞ்சிய தோம்புகளை எங்கே புதைத்தார்கள் என்பதை அறிந்தவர்கள் இன்று எழுபது, எண்பது வயதில் இருக்கும் நம் தாய்மார்கள். அவர்கள் நினைவு ஒரு நிலத்தின் ஆவணம். அதை எழுதி வையுங்கள்.

கிணற்று நீர் பயன்படுத்தும் வீடுகளும், தோட்டம் போடும் அன்பர்களும் ஐந்து காரியம் செய்யலாம். கிணற்று நீரைக் கிருமிக்கு மட்டுமல்லாமல் ஆர்சனிக்குக்கும், பக்கத்தில் அடிக்கும் மருந்துக்கும் சேர்த்துச் சோதித்துப் பாருங்கள். மருந்து கலக்குவதையும் பம்பு கழுவுவதையும் கிணற்றுக்கும் ஓடைக்கும் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். மழை வரும் நாளில் அடிக்காதீர்கள். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கியும் சிகாமட்டும் மூழ்கினவே, 2023 மார்ச்சிலும் ஜொகூர் மூழ்கியதே, அதை நினைத்து மருந்துக் கிடங்கை மேட்டில் வையுங்கள். வெள்ளம் புகுந்த கிணற்றைச் சோதிக்காமல் குடிக்காதீர்கள்.

மண்டோருக்கு ஒரு பதில்

கடைசியாக எங்கள் கிணற்றடிக்குத் திரும்புகிறேன். பத்தடி மண் வடிகட்டும் என்றார் மண்டோர். மருந்துக்கு மருந்து, மண்ணுக்கு மண் அது மாறும் என்பதை இன்று அறிவோம். ஆனால் அந்தக் கிணற்றடியில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. பம்பைக் கழுவிய தண்ணீர் பத்தடி மண்ணுக்குள் இறங்கவே இல்லை. சிமெண்டுத் தரையின் விரிசலில் புகுந்து, கிணற்றுச் சுவரையொட்டி நேரே உள்ளே போனது. மண்ணுக்கு வடிகட்ட ஒரு வாய்ப்புகூடக் கிடைக்கவில்லை. பம்பை ஐம்பது அடி தள்ளி வைத்துக் கழுவுங்கள் என்று ஒருவர் சொல்லியிருந்தால் போதும். செலவு ஒரு காசு கிடையாது. அதைச் சொல்லத்தான் ஆளில்லை.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பது பழமொழி. தோட்டத்தில் உப்பைத் தின்றவர் ஒருவர், அந்தத் தண்ணீரைக் குடித்தவர் வேறொருவர். அம்மா கேட்ட கேள்வி சரியான கேள்வி. அதை இன்று எந்தத் தோட்டத்தில் யார் கேட்டாலும், அவர் எந்த நாட்டிலிருந்து வந்த தொழிலாளியாக இருந்தாலும், "மண்ணு வடிகட்டிடும்" என்று சொல்லி அனுப்பாமல் தண்ணீரைச் சோதித்துப் பதில் சொல்லுவோம்.